நாலாவது செம்பருந்து செத்த விதம்

இப்படி உக்காந்துக்கிடட்டுமா தம்பி? ஆள் யாரும் வரலைல்ல? சரி. இந்தக் கட்டை மட்டும் காலுக்கடியில தள்ளிக்கிறேன். வெடி ஒண்ணும் இல்ல, சிவகாசியில பஸ் ஏறுற ஆள் கையில கட்டு இருந்தாலே எல்லாரும் ஒரு மாதிரி பார்க்காங்க. புத்தகம்தான். காமிக்ஸ். செம்பருந்துன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? செவப்புச் சால்வை, மூக்கு வரைக்கும் முகமூடி, மொட்டை மாடியில இருந்து குதிப்பாரு. ஆங், அதேதான். பார்த்தீங்களா, சிரிக்கீங்க. அந்தக் கதை எழுதுறவன் நான்தான்.

நீங்க எந்தச் செம்பருந்து வாசிச்சீங்க? அதைச் சொன்னா உங்க வயசை நான் சொல்லிருவேன். போலீஸ்காரர் ரகுநாதன்னா என் செட்டு. உங்களுக்கு டாக்டர் செம்பருந்தாத்தான் இருக்கும். இல்ல? அப்ப கண்ணாடிக்குள்ள இருந்து வந்தவரா? சரிதான், அவருக்கு இன்னும் திருப்பூர்ல ஒரு கூட்டம் இருக்கு.

மொத்தம் எத்தனை பேருன்னு கேக்கீங்களா? அந்தக் கொடுமையை ஏன் கேக்கீங்க. மொதல்ல ஒருத்தருதான். ரகுநாதனுக்கு வயசாகிப் போச்சு, இளசா ஒருத்தன் வேணும்னு பெரிய முதலாளி சொன்னாரு. சரின்னு முகமூடியை ரகுநாதனோட தம்பிகிட்டக் குடுத்து, ரகுநாதனை ஊட்டியில ரோஜாச் செடி வளர்க்க அனுப்பிட்டேன். உடனே சாக்கு சாக்கா கடுதாசி. எங்க ரகுநாதன் எங்கே, எங்க ரகுநாதன் எங்கேன்னு. ரோஜாச் செடியைப் பிடுங்கிப் போட்டுட்டு அவரைத் திரும்பக் கூட்டியாந்தேன். அப்ப தம்பியை என்ன செய்ய? அதுக்குள்ள அவனுக்கும் ஆள் சேர்ந்து போச்சு. அவனும் இருக்கட்டும்னு விட்டோம். அதுக்கப்புறம் டாக்டர். அப்புறம் லாரி டிரைவர் மாறன். அப்புறம் கண்ணாடிக்குள்ள இருந்து வந்த வேற உலகத்து ரகுநாதன், இடது கைக்காரர். அப்புறம் ஒரு இயந்திரம். கடைசியா ரகுநாதன் மக மீனலோசனி. முகமூடி ஒண்ணு, மாட்டிக்கிட ஏழு தலை.

நீங்க நெனைக்கலாம், எழுதுறவன் நெனைச்சா ரெண்டு பேரைக் கதையில கூப்பிடாம விட்டாப் போச்சேன்னு. விட்டுப் பாருங்க. கல்யாணப் பத்திரிகையில பெரியப்பா பேரு விட்டுப்போன மாதிரிதான். ஒரு மாசம் டாக்டரை விட்டுட்டேன், திண்டுக்கல்லருந்து ஒருத்தர் பஸ் ஏறி வந்து ஆபீஸ் வாசல்ல நின்னுட்டாரு. வயசான மனுசன், பேங்க்ல வேலை. டாக்டருக்கு ஒடம்புக்கு ஏதும் சரியில்லையான்னு கேக்காரு. நான் என்ன சொல்ல? வெளியூர் போயிருக்காருன்னேன். எப்ப வருவாருன்னு கேட்டாரு. அடுத்த மாசம்னேன். அந்த மாதிரி ஆளுக இருக்காங்க தம்பி. அதனால மாசா மாசம் ஏழு பேரையும் கூப்பிட்டு, ஆளுக்கு ரெண்டு வார்த்தை பேச வச்சு, ஒரு குத்தாவது விட வச்சு அனுப்பணும். வில்லன் பாவம், அவன் வந்த சோலி என்னன்னு சொல்றதுக்குள்ள புத்தகம் முடிஞ்சிரும்.

இப்ப சின்ன முதலாளி வந்துட்டாரு. கோயம்புத்தூர்ல படிச்ச பையன், நல்ல பையன்தான். ஒருநாள் என்னை உக்கார வச்சு, அண்ணாச்சி, புதுசா ஒரு பிள்ளை இந்தப் புத்தகத்தை எடுத்தா யாரு என்னன்னு ஒண்ணும் விளங்கலை, ஆளைக் குறைங்கன்னாரு. நியாயம்தான். நானும் மனசுக்குள்ள வருசக்கணக்கா அதைத்தானே சொல்லிக்கிட்டு இருக்கேன். யாரைக் குறைக்கன்னு கேட்டேன். உங்க இஷ்டம்னுட்டாரு. அங்கதான் பிடிச்சது சனி.

ஈரோட்டுப் புத்தகக் கண்காட்சிக்கு வருசா வருசம் நம்ம வாசகர்க வருவாங்க. அவங்கவங்க செம்பருந்து படம் போட்ட பனியனோட வருவாங்க, குரூப் குரூப்பா நின்னு போட்டோ எடுப்பாங்க. இந்த வருசம் நான் சும்மா நின்னு பார்த்தேன். யாருக்கு எத்தனை பனியன்னு. மாறனுக்கு ஒருத்தன் கிடையாது. லாரி டிரைவர் மாறனுக்கு ஒரு கடுதாசி வந்ததா எனக்கு ஞாபகம் இல்ல. இந்த ஆளை எடுத்தா யாரும் கேக்க மாட்டாங்க. ஆபீஸ் வாசல்ல வந்து நிக்க மாட்டாங்க. சரி, இவருதான்னு முடிவு பண்ணிட்டேன். இதுல தப்பு இருக்கா, நீங்களே சொல்லுங்க. கேக்க ஆளில்லாதவனைத்தானே எடுக்க முடியும்?

ஆனா மாறனுக்கு ஒரு ஆள் இருந்தாரு. அது எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது. தெரியும்.

சீனிராஜ்னு பேரு. நம்ம பிரஸ்ஸுக்குப் பேப்பர் இறக்க வர்ற லோடுமேன். நம்ம ஓவியர் ஞானதுரை, மாறனை வரையணும்னு வந்தப்ப, முகம் அமையாம நாலு நாள் பென்சிலைக் கடிச்சுக்கிட்டு இருந்தாரு. ஒரு மத்தியானம் இந்தச் சீனிராஜ் தோள்ல கட்டோட உள்ள வாராரு. ஞானதுரை எந்திரிச்சு, ஏய் அப்படியே நில்லுன்னு கத்தினாரு. ஏதோ பாம்பு வந்துட்டுன்னு அந்த மனுசன் கட்டைப் போட்டுட்டு ஓடப் பார்த்தாரு. அப்புறம் சமாதானப்படுத்தி, மேஜை விரிப்பைக் கழுத்துல கட்டிவிட்டு, பேப்பர் கட்டு மேல ஏத்தி, கையைத் தூக்கச் சொல்லி வரைஞ்சாரு. அன்னையிலருந்து மாறன்னா சீனிராஜ், சீனிராஜ்னா மாறன். கோபம் வேணும்னா கூப்பிடுவோம், வருத்தம் வேணும்னா கூப்பிடுவோம். ஒரு டீ குடுப்போம், புத்தகம் வந்ததும் ஒண்ணு குடுப்போம். அவ்வளவுதான். அவரும் வேற எதுவும் கேட்டதில்ல.

புத்தகத்தை வாங்கினதும் அங்கேயே நின்னு புரட்டுவாரு. ஆரம்பத்துல அட்டையிலேயே இருப்பாரு. வரவர கூட்டம் கூடக்கூட அவரு பின்னால போயிட்டாரு. சில மாசம் நான்தான் தேடிக் காட்டணும். இந்தா, டாக்டர் முழங்கைக்குப் பின்னால நிக்கீங்க பாருங்கன்னு. நிக்கிறேனா, நிக்கிறேன் நிக்கிறேன்னு சந்தோசமா மடிச்சு வச்சுக்குவாரு. அப்படிப்பட்ட ஆள்.

அவருகிட்ட முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லணும்னுதான் இருந்தேன். வரும்போதெல்லாம் வேலையா இருப்பாரு, நானும் வேலையா இருப்பேன். ஞானதுரைகிட்ட நீங்க சொல்லுங்கன்னேன். கதை எழுதினது நீரு, நீரே சொல்லும்னுட்டாரு. அப்படியே நாள் ஓடிட்டு.

அப்புறம் வந்தது அந்தப் போஸ்டர். அது என் யோசனை இல்ல தம்பி, சத்தியமா என் யோசனை இல்ல. சின்ன முதலாளிதான், ஒரு செம்பருந்து சாகுறாருன்னா ஊரே பேசணும், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிப்போம்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க, நானும் தட்டினேன். தோற்றம், மறைவு, ரெண்டு பக்கமும் எரியிற மெழுகுவர்த்தி, நடுவுல படம். முகமூடியோட போடவான்னு ஞானதுரை கேட்டாரு. முகமூடி போட்டா ஏழு பேர்ல எவருன்னு எப்படித் தெரியும், எடுத்துட்டு முகத்தைப் போடுங்கன்னு நான்தான் சொன்னேன். அது ஒண்ணுதான் நான் சொன்னது. ஞானதுரை வரைஞ்சாரு பாருங்க, போட்டோ தோத்துரும். கீழே பொடி எழுத்துல, புத்தகம் விரைவில் விற்பனைக்குன்னு இருந்தது. கண்ணீர் அஞ்சலியில பொடி எழுத்தை எவன் வாசிக்கான்? முகத்தைப் பார்ப்பான், அடப்பாவமேம்பான், போவான்.

சிவகாசி பூரா ஒட்டினாங்க. சாத்தூர்ல ஒட்டினாங்க, திருவேங்கடத்துலயும் ஒட்டிட்டாங்க. சீனிராஜுக்குச் சொந்த ஊர் திருவேங்கடத்துக்கு அங்கிட்டு. அந்த ஊர்க்காரர் ஒருத்தர் உரம் வாங்க வந்தவரு, செவுத்துல முகத்தைப் பார்த்து அங்கேயே தரையில உக்காந்துட்டாராம். ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டாரு. சீனிராஜ் வேலைக்குப் போறப்ப போனை வீட்ல வச்சுட்டுப் போற ஆளு, வீட்டம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல. எத்தனை தடவை அடிச்சும் எடுக்க ஆளில்ல. அப்புறம் என்ன, வேன் பிடிச்சுட்டாங்க. மாலை, கோடித்துணி, சங்கு ஊத ஒரு ஆள், எல்லாம் ஏத்திக்கிட்டுச் சிவகாசியில வந்து எறங்கினா, அவரு சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து வாசல்ல குத்தவச்சுக் கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்காரு. அவரு தங்கச்சி ஓடி வந்து அவரு மேல விழுந்து, என்னைப் பெத்த மகராசா, போயிட்டியேன்னு அவருகிட்டயே அழுதுதாம். கஞ்சி பூரா கொட்டிப் போச்சு.

சிரிங்க, சிரிக்க வேண்டியதுதான். நானும் கேட்டப்ப சிரிச்சேன். அன்னைக்கு ராத்திரிதான் சோறு எறங்கல.

மறுநாள் காலையில அவரு ஆபீஸ் வாசல்ல வண்டியை நிறுத்துற சத்தம் கேட்டுட்டு. நான் புரூப் பார்க்குற மாதிரி பேப்பரை மூஞ்சிக்கு நேராத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டேன். அடிப்பாருன்னு நெனைச்சேன். அடிச்சா வாங்கிக்கிடலாம்னும் நெனைச்சேன், எனக்கு வயசாச்சே, ரெண்டு அடிக்கு மேல அடிக்க மாட்டாரு. அவரு வந்து துண்டைக் கையில எடுத்துக்கிட்டு எனக்கு முன்னால உக்காந்தாரு. முகத்துல கோபத்தையே காணோம். எவ்வளவு பேரு வந்தாங்க தெரியுமா அண்ணாச்சி, எங்க சித்தப்பா மக்க கூட, பத்து வருசமாப் பேச்சு கிடையாது, அவங்க கூட மாலையோட வந்துட்டாங்கன்னாரு. ஒரே சந்தோசம். எனக்கு அதுதான் தாங்கல. கொஞ்ச நேரம் துண்டை மடிச்சாரு, பிரிச்சாரு. அப்புறம் மெதுவாக் கேட்டாரு.

“நான் எப்படி அண்ணாச்சி செத்தேன்?”

தம்பி, உண்மையைச் சொல்றேன். அவரு எப்படிச் செத்தாருன்னா, சாகவே இல்ல. அதாவது செத்தது படத்துல கிடையாது. கதையில ஒரு அணை உடையுது. ஏழு பேரும் போறாங்க. மாறன் சாவுக்குன்னு ரெண்டு பக்கம் ஒதுக்கித்தான் வச்சிருந்தேன், அது சத்தியம். ஆனா மீனலோசனிக்கு நாலு பக்கம் போயிட்டு, அந்தப் பிள்ளைக்குத்தான் இப்ப கிராக்கி. டாக்டரை விட்டா திண்டுக்கல்காரர் வந்துருவாரு. இடது கைக்காரர் ஒரு பாலத்தைத் தாங்கணும். ரகுநாதனும் தம்பியும் சண்டை போட்டுச் சமாதானமாகணும், அது போன மாசத்துப் பாக்கி. கடைசியில பார்த்தா மாறன் சாக இடமில்ல. ஒரு கட்டத்துக்குள்ள, ரகுநாதன் தம்பி கேக்கான், மாறன் எங்கே? டாக்டர் சொல்றாரு, அணையோடு போய்விட்டார். அவ்வளவுதான். அடுத்த கட்டத்துல இயந்திரம் ஒரு ஜோக் சொல்லுது. அந்த ஜோக்கை எடுத்திருக்கலாம். அது நல்ல ஜோக்குன்னு விட்டுட்டேன்.

இதை அவரு மூஞ்சியைப் பார்த்து எப்படிச் சொல்ல? நீங்களா இருந்தா சொல்லுவீங்களா?

நான் சொன்னேன், அணை உடையுது சீனிராஜ், கீழே ஒரு கிராமம். எல்லாச் செம்பருந்தும் வேற வேற பக்கம் போயிட்டாங்க, நீங்க மட்டும்தான் அங்க. மதகு பேத்துக்கிட்டு வருது. நீங்க தோளைக் குடுத்துத் தாங்குறீங்கன்னேன். இந்தத் தோளான்னு தொட்டுப் பார்த்தாரு. வலது தோள்னேன். பொம்பளைங்க, பிள்ளைங்க, ஆடு மாடு எல்லாம் கரையேறுது. உங்களை வாங்க வாங்கன்னு கூப்பிடுதாங்க, நீங்க அசையலை. விட்டா தண்ணி வந்துரும். தண்ணி நெஞ்சுக்கு வருது, கழுத்துக்கு வருது. நான் சொல்லச் சொல்ல எனக்கே மயிர் கூச்செறியுது தம்பி. நாப்பது வருசத்துல இந்த மாதிரி ஒரு கட்டம் நான் எழுதினதில்ல. ஞானதுரை தூரிகையைக் கீழே வச்சுட்டுக் கேக்காரு. அவருக்குத் தெரியும், இதுல ஒண்ணு கூடப் புத்தகத்துல இல்லன்னு. அவருதான் வரைஞ்சவரு.

கடைசியா நான் என்ன சொன்னேன் அண்ணாச்சின்னு சீனிராஜ் கேட்டாரு. கண்ணு ரெண்டும் நெறைஞ்சு போச்சு.

“‘ஒருத்தரும் விட்டுப்போகலையே?’ன்னு கேட்டீங்க” அப்படின்னேன்.

அவரு எந்திரிச்சு, என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. பொய் சொல்றோமேங்கிறது ஒருபக்கம் இருந்தாலும், கதை நல்லா அமைஞ்சு போச்சேன்னு இன்னொரு பக்கம். எழுதுறவன் புத்தி அது.

அதோட போயிருந்தா பரவாயில்ல. வெளியில போனவரு ஊர் பூராச் சொல்லிட்டாரு. பேப்பர் ஸ்டோர்ல சொன்னாரு, டீக்கடையில சொன்னாரு, ஊர்ல வேன் பிடிச்சு வந்தவங்க அத்தனை பேருக்கும் போன் போட்டு, நான் எப்படிச் செத்தேன் தெரியுமான்னு சொல்லியிருக்காரு. சீனிராஜ் மச்சினன் ஒருத்தரு ஊர்ல மைக்செட் வச்சிருக்காரு. அவரு, இதை இப்படியே விடக் கூடாது, புத்தகம் வந்ததும் ஊர்ல எல்லாரையும் உக்கார வச்சு வாசிக்கணும், எழுதின அண்ணாச்சியே வந்து வாசிக்கணும்னு ஏற்பாடு பண்ணிட்டாரு. அழப் போனவங்க எல்லாரும் கேக்க வருவாங்களாம். ஞாயித்துக்கிழமை. ஆமா, இன்னைக்குத்தான்.

நான் சும்மா இருக்கல. சின்ன முதலாளி கிட்டப் போய், நாலே நாலு பக்கம் தனியா அடிச்சு நடுவுல சேர்ப்போம்னு கெஞ்சினேன். காரணம் சொன்னேன். லோடுமேனுக்காகவான்னு கேட்டாரு. கேவலமாக் கேக்கல, ஆச்சரியமாத்தான் கேட்டாரு. புத்தகம் பைண்டிங் முடிஞ்சு போச்சு அண்ணாச்சின்னாரு. ஞானதுரைகிட்டப் போனா அவரு எட்டாவது செம்பருந்தை வரைஞ்சுக்கிட்டு இருக்காரு. ஆமா, எட்டாவது. ரகுநாதன் தம்பியோட பையன். ஒருத்தர் போன எடம் காலியா இருக்கேன்னு சின்ன முதலாளிதான் கேட்டாரு, நானும் சரின்னு எழுதிக் குடுத்துட்டேன். பனியன் நல்லாப் போகும்னு சொன்னாங்க.

நேத்துப் புத்தகம் வந்துட்டு. சீனிராஜுக்கு ஒண்ணு எடுத்து நீட்டினேன். இப்பவே பார்த்துட்டா ஏசுறத ஏசிட்டுப் போகட்டும்னு. அவரு வாங்கல. வேண்டாம் அண்ணாச்சி, நாளைக்கு நீங்க வாசிக்கையில எல்லாரோடயும் சேர்ந்து கேட்டுக்கிடுறேன், மொத்தமாக் கொண்டாங்க, ஆளுக்கு ஒண்ணு குடுக்கணும்னுட்டுப் போயிட்டாரு. அதுதான் இந்தக் கட்டு.

ராத்திரி பூரா யோசிச்சேன். புத்தகத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு, இல்லாததை இருக்குற மாதிரி வாசிச்சிரலாம்னு பார்த்தேன். எனக்கு மனப்பாடம். ஆனா ஆளுக்கு ஒரு புத்தகம் கையில இருந்தா புரட்டிப் பார்க்க மாட்டாங்களா? அண்ணாச்சி எந்தப் பக்கம்னு ஒரு பிள்ளை கேட்டாப் போதுமே. மைக்செட்டுல வேற. அவரு சித்தப்பா மக்க எல்லாம் உக்காந்திருப்பாங்க. எல்லாருக்கும் முன்னால அந்த மனுசன் புரட்டிப் புரட்டித் தேடுவாரே தம்பி.

வந்துட்டா? ஆமா, அந்தப் புளியமரத்தைத் தாண்டினா நத்தக்குளம் விலக்குதான், சீனிராஜ் ஊருக்குப் பிரியுற எடம். உங்க பையை எடுத்துக்கிடுங்க. இந்தக் கட்டையும் கொஞ்சம் எடுத்துக்கிடுறீங்களா? கனம் ஒண்ணும் இல்ல.

அங்க வேட்டியும் வெள்ளைச் சட்டையுமா, நெட்டையா நிக்காரு பாருங்க, அவருதான். சட்டை புதுசு போலிருக்கு. ஒவ்வொரு சன்னலாப் பார்த்துக்கிட்டே வாராரு. நீங்க இந்தப் பக்கம் பார்க்காதீங்க, நீங்க பார்த்தா அவரும் பார்ப்பாரு. கொஞ்சம் மறைச்ச மாதிரி நில்லுங்க. அவருகிட்டக் குடுத்துட்டு, அண்ணாச்சிக்குக் காய்ச்சல், எந்திரிக்க முடியலைன்னு சொல்லிருங்க. மதகு, தோளு, கழுத்து வரைக்கும் தண்ணி, எல்லாம் கேட்டீங்கல்ல? நல்ல குரல் உங்களுக்கு. புத்தகத்தைப் பிரிக்க விடாம, நீங்களே ஒருதடவை சொல்லிருங்க.

நானா? நான் எங்க தம்பி எறங்க. நீங்க நத்தக்குளம்னு டிக்கெட் கேட்டதைப் பார்த்துத்தானே பக்கத்துல வந்து உக்காந்தேன். நான் சங்கரன்கோவிலுக்குத்தான் எடுத்திருக்கேன்.